தாழ்ந்து போகும் பிறேக் மிதி

வீட்டு முற்றத்திலே தம் மோட்டார் வண்டியின் பிறேக்கைத் தாமே கழற்றிப் பூட்டிய எவரும், வேலை முடிந்தபின் முதன்முறையாக மிதியிற் காலை வைத்து அழுத்தும் அந்தக் கணத்தை மறந்திரார். மிதி பாதித் தூரத்திற் கல்லுப்போல் நின்றுவிட்டால் மனம் நிறையும். அவ்வாறன்றி, ஈர மண்ணிற் கால் புதைவதுபோல மெல்ல மெல்லத் தாழ்ந்து தரைப் பலகையைத் தொடுமாயின், கையிற் படிந்த கறையைக் கழுவுமுன்னரே மறுபடியும் சில்லுகளைக் கழற்ற வேண்டும் என்பது விளங்கிவிடும்.

இதற்குக் காரணம் யாது என்று வினவினால், கேட்ட இடமெல்லாம் ஒரே விடையே கிடைக்கும்: "உள்ளே காற்று நிற்கிறது, எயர் எடுக்க வேண்டும்." அவ்விடை பலமுறை சரியானதே. எமக்கு அது தவறாயிற்று. அத்தவறான விடையை நம்பி நாம் நடந்துகொண்ட முறை, ஒரு சிறுமியின் உயிருக்கு அருகே சென்று மீண்டது. கல்லூரி மலரில் இலக்கியமும் சமயமும் வரலாறும் ஆராயப்படும் பக்கங்களிடையே கராச்சு விஷயத்துக்கு இடமுண்டோ என்று கேட்கும் அன்பர்களும் இருப்பர். அவர்களுக்கு நாம் கூறுவது இதுவே: இக்கட்டுரையில் வரும் விஞ்ஞானம் முழுவதும் எமது கல்லூரிப் பௌதிக கூடத்தில் நாம் கற்றதே. கற்றதை உரிய நேரத்தில் நினைவுக்குக் கொண்டுவராமையே எம் பிழை.

எம்மிடம் உள்ளது 1959ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட மொறிஸ் மைனர் வண்டி. இவ்வண்டி இங்கிலாந்திலே 1948 தொடக்கம் 1971 வரை செய்யப்பட்டு, ஏறத்தாழ 16 இலட்சம் வண்டிகள் வெளிவந்தன. யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளுக்கு இதனினும் பொருத்தமான வாகனம் வந்ததில்லை என்பது எமது பக்கச்சார்பான கருத்து. ஒஸ்ரின் வண்டி வைத்திருப்போர் இதை மறுப்பர். 1990களிலே பெற்றோல் வாராதிருந்த காலத்தில், காபுரேற்றரிற் சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை முடுக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகளும் இவ்வகையினவே. புதிய பாகங்கள் கிடையாத அக்காலத்தில் வண்டியைத் தாமே பழுது பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டாயிற்று. அப்பழக்கம் எம்மையும் பற்றிக்கொண்டது.

முதலில் பிறேக் தொழிற்படும் முறையைச் சிறிது நோக்குவோம். மூடிய பாத்திரத்தில் அடைபட்ட திரவத்தின் ஓரிடத்திற் பிரயோகிக்கப்படும் அமுக்கம், குறையாமல் எப்பக்கமும் செலுத்தப்படும் என்பது பாஸ்காலின் விதி. அவர் 1662இல் இறந்தார். திரவங்களின் சமநிலை பற்றிய அவரது நூல் 1663இல் வெளியாயிற்று. அவ்விதியை நான்கு சில்லுகளையும் ஒருங்கே பிடிக்கும் பிறேக்காக மாற்றியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கரான மல்கம் லொக்ஹீட். அவருடைய முறை 1921இல் டூசன்பேர்க் என்னும் காரிற் பூட்டப்பட்டு விற்பனைக்கு வந்தது. மொறிஸ் மைனரில் இருப்பதும் லொக்ஹீட் முறையே. காலால் மிதியை அழுத்தினால், தரைப் பலகைக்குக் கீழே உள்ள மாஸ்ரர் சிலிண்டரில் ஒரு பிஸ்ரன் முன்னே செல்லும். பௌதிக நூல்கள் முசலம் என்று கூறுவது இதனையே. அது தள்ளும் திரவம் உலோகக் குழாய்களின் வழியே சில்லுகளுக்குச் சென்று, அங்குள்ள சிறு சிலிண்டர்களின் பிஸ்ரன்களை வெளியே தள்ளும். அவை பிறேக் கட்டைகளை ட்றம்மின் உட்சுவரில் அழுத்த, உராய்வினால் வண்டி நிற்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. மாஸ்ரர் சிலிண்டர் ஒருமுறை தள்ளக்கூடிய திரவத்தின் கனவளவு மிகச் சிறிது. ஒரு தேநீர்க் கரண்டியை இரண்டு மூன்று முறை நிரப்பும் அளவே. அச்சிறு கனவளவு முழுவதும் கட்டைகளை ட்றம்மில் அழுத்துவதற்கே பயன்படல் வேண்டும். வழியில் வேறெங்காயினும் அது வீணாகுமானால், வீணாகும் அளவுக்கு மிதி தாழும். ஆகவே மிதி தாழ்கின்றது என்றால், திரவம் எங்கோ வீணாகின்றது என்பதே பொருள். காற்றை நெருக்குவதில் அது வீணாகலாம், தூரத்தில் நிற்கும் கட்டையை ட்றம் வரை கொண்டு செல்வதில் வீணாகலாம், ஒழுக்கினால் வீணாகலாம். இம்மூன்றையும் மிதியே வேறு வேறு விதமாகக் காலுக்கு உணர்த்தும். இதை நாம் அறிந்தது காலந்தாழ்த்தி.

2019ஆம் ஆண்டு, கோண்டாவிலில் உள்ள எம் வீட்டு மாமர நிழலில், மருமகனைத் துணைக்கு வைத்துக்கொண்டு நான்கு சில்லுகளுக்கும் புதிய பிறேக் கட்டைகள் மாற்றினோம். புதிய கட்டையின் லைனிங் தடிப்பாக இருக்கும். ஆதலால், கட்டையை ட்றம்முக்கு அண்மையிற் கொண்டுவந்து நிறுத்தும் செப்பஞ்செய் திருகுகளை முற்றாகப் பின்வாங்கினாலன்றி ட்றம் மேலே ஏறாது. நாமும் அவ்வாறே பின்வாங்கி, ட்றம்மைப் பூட்டி, அதன் முகத்தில் உள்ள துவாரத்தின் வழியே ஸ்குறூ ட்றைவரை விட்டு, ஒவ்வொரு சில்லிலும் திருகைத் திருப்பிச் சரிசெய்தோம். வேலை செவ்வையாக முடிந்ததென்றே எண்ணினோம்.

மிதியை அழுத்தினோம். அது தரையளவுக்குத் தாழ்ந்தது. உடனே இரண்டாம் முறை அழுத்த, பாதித் தூரத்தில் நின்றது. சிறிது நேரங் கழித்து அழுத்த, மறுபடியும் தாழ்ந்தது.

"மாமா, எயர் நிற்கிறது" என்றான் மருமகன். நாமும் அவ்வாறே கருதினோம். அன்று பிற்பகலிலும் மறுநாளிலுமாக ஐந்து முறை எயர் எடுத்தோம். ஒரு பெரிய போத்தல் பிறேக் ஒயில் முடிந்தது. போத்தலிற் குமிழி ஒன்றேனும் வரவில்லை. குமிழியே வராத இடத்திற் காற்று எவ்வாறு நிற்கும் என்று அப்பொழுதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஒரு முடிவை முன்னரே மனத்திற் கொண்டவனுக்குச் சாட்சிகள் எதிரே நின்றாலும் தெரிவதில்லை. ஈற்றில், "இரண்டு முறை மிதித்தால் நன்றாகப் பிடிக்கின்றதே, ஓடஓடச் சரியாகிவிடும்" என்று எம்மை நாமே சமாதானப்படுத்திக்கொண்டு வண்டியைப் படலைக்கு வெளியே எடுத்தோம்.

எம் ஒழுங்கை பலாலி வீதியிற் சேரும் இடத்திலே, வேலி மறைவிலிருந்து ஒரு பாடசாலைச் சிறுமி சைக்கிளில் வந்தாள். மிதியை அழுத்தினோம்; அது வெறுமனே தாழ்ந்தது. இரண்டு முறை மிதித்தாற் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் இரண்டாம் முறை மிதிப்பதற்குள் வண்டி எத்தனை அடி ஓடிவிடும் என்பதை நாம் முற்றத்தில் நின்று கணித்திருக்கவில்லை. கைப்பிறேக்கை இழுத்தோம். வண்டியின் மூக்கு வீதியினுள் நீண்டு நின்றது. சிறுமி சைக்கிளை ஒடித்து வேலியிற் சாய்ந்தாள். முழங்காலிற் சிராய்ப்போடு போயிற்று. அவளை வீட்டிற் கொண்டுபோய் விட்டு, அவள் தாயாரின் முன்னே நின்றபோது எமக்கு உண்டான வெட்கத்தை இங்கு விரிக்க விரும்பவில்லை.

மொறிஸ் மைனரில் நான்கு சில்லுகளுக்கும் திரவம் செல்வது ஒரே தொடுப்பில் என்பதையும் இவ்விடத்திற் கூறல் வேண்டும். அமெரிக்காவிலே 1968 தொடக்கம் கார்களுக்கு இரண்டு தனித்தனித் தொடுப்புகள் இருத்தல் வேண்டும் எனச் சட்டம் வந்தது. பின்வந்த வண்டிகளில் ஒன்று கெட்டாலும் மற்றையது ஓரளவு நிறுத்தும். பழைய வண்டியில் அந்த இரண்டாம் துணை கிடையாது. கம்பியினாற் பின்சில்லுகளைப் பிடிக்கும் கைப்பிறேக் ஒன்றே மிச்சம். கைப்பிறேக்கைச் சரிபாராமற் பழைய வண்டியின் கால்பிறேக்கிற் கை வைத்தலாகாது.

வண்டியை ஒழுங்கை வழியே கையாலே தள்ளிக் கொண்டுவந்து சேர்த்தபின், எம் அயலில் வாழும் ஒரு முதியவரை அழைத்தோம். அரை நூற்றாண்டு இவ்வண்டிகளோடு பழகியவர் அவர். வந்தவர் ஒரு கருவியையும் எடுக்கவில்லை. ஆசனத்தில் அமர்ந்து ஒருமுறை மெதுவாக மிதித்தார். உடனே இன்னொரு முறை மிதித்தார். பின் இறங்கி, "தம்பி, உதுக்குள்ள காத்து இல்லை. முன்சில்லுக்கு ரெண்டு அட்ஜஸ்ரர். நீங்கள் ஒண்டைத்தான் திருப்பியிருக்கிறியள்" என்றார்.

அவர் கூறியது முற்றிலும் உண்மை. மொறிஸ் மைனரின் பின்சில்லு ஒவ்வொன்றிலும் செப்பஞ்செய் திருகு ஒன்றே. முன்சில்லில் இரண்டு கட்டைகளுக்கும் தனித்தனிச் சிலிண்டர் உண்டு. ஆதலால் திருகுகளும் இரண்டு. ட்றம்மில் உள்ள துவாரம் ஒன்றே ஆகையால், முதலாவதைச் சரிசெய்தபின் ட்றம்மை அரைச் சுற்றுச் சுழற்றினாலே இரண்டாவது கண்ணுக்குத் தெரியும். வண்டி முழுவதிலும் ஆறு திருகுகள். நாம் சரிசெய்தவை நான்கு. எஞ்சிய இரண்டும் முற்றாகப் பின்வாங்கிய நிலையிலே நின்றன.

"அண்ணை, மிதித்த அளவில் அதை எவ்வாறு கண்டீர்கள்?" என்று கேட்டோம். அவர் சிரித்தாரேயன்றி விளக்கவில்லை. காலுக்குத் தெரிந்ததை வாயாற் கூறுவது அவருக்கு வேண்டியிருக்கவில்லை போலும். அதனை நாமே பின்னர் ஆராய்ந்து கண்டோம்.

கணக்கின் பொருட்டு, மாஸ்ரர் சிலிண்டரின் உட்குறுக்களவு 2.2 சென்ரிமீற்றர் என்று கொள்வோம். அதன் பரப்பு ஏறத்தாழ 3.8 சதுர சென்ரிமீற்றர். மிதியானது ஒரு நெம்புகோல். பிஸ்ரன் 1 மில்லிமீற்றர் நகரக் கால் 5 மில்லிமீற்றர் நகர வேண்டும் என்றும் கொள்வோம். சில்லுச் சிலிண்டர்களும் அதே குறுக்களவு உடையன எனின், இரண்டு கட்டைகள் ஒவ்வொன்றும் 2.5 மில்லிமீற்றர் தூரம் வீணே நகரும்போது, மாஸ்ரர் பிஸ்ரன் 5 மில்லிமீற்றர் நகரும். காலோ 25 மில்லிமீற்றர், அதாவது ஓர் அங்குலம் தாழும். கட்டைகளை உள்ளே இழுக்கும் சுருள்வில்லைத் தவிர இத்தூரம் முழுவதிலும் எதிர்ப்பு எதுவும் இல்லை. ஆகையால் மிதி வெறுமையாகத் தாழ்ந்து, கட்டை ட்றம்மைத் தொட்ட கணத்திலே திடீரென இறுகும்.

இனிக் காற்றை எடுத்துக்கொள்வோம். குழாயினுள் 1 கன சென்ரிமீற்றர் காற்று அடைபட்டிருப்பதாகக் கருதுக. போயிலின் விதிப்படி, அமுக்கம் இருமடங்கானால் அதன் கனவளவு பாதியாகும். நான்கு மடங்கானாற் காற்பங்காகும். பத்து மடங்கானாற் பத்திலொரு பங்காகும். பலமாகப் பிறேக் பிடிக்கையில் அக்காற்று அநேகமாக முழுவதும் நெருங்கிவிட, அதனால் வீணாகும் மிதித்தூரம் மேற்கூறிய கணக்குப்படி 13 மில்லிமீற்றர் அளவாகும். தூரத்தைப் பார்த்தால் முன்னதற்கு இது குறைந்ததே. ஆயினும் அது வரும் விதம் வேறு. காற்றுச் சிறிது சிறிதாக இறுகி, காலைத் திருப்பித் தள்ளும். மிதி ஒருபோதும் கல்லுப்போல் ஆகாது. பஞ்சு மெத்தைபோலத் துள்ளும். அடுத்தடுத்து மிதித்தால் இங்கும் மிதி சற்று உயர்வதுண்டு. ஆனால் உயர்ந்த இடத்திலும் அத்துள்ளல் மாறாது.

அடுத்தடுத்து மிதிக்க ஏன் உயர்கின்றது என்று மாணவர் வினவக்கூடும். காலை விரைவாக எடுக்கும்போது மாஸ்ரர் பிஸ்ரன் விரைந்து பின்வரும். சில்லுகளிலிருந்து திரவம் அவ்வளவு விரைவில் திரும்பாது. அவ்விடைவெளியை நிரப்பத் தாங்கியிலிருந்து புதிய திரவம் றப்பர்க் கிண்ணத்தின் விளிம்பைக் கடந்து உட்புகும். ஆதலால் இரண்டாம் மிதிப்பிற் குழாய்களினுள் முன்னையிலும் அதிகமான திரவம் இருக்கும். கட்டைகளும் இன்னும் முற்றாகப் பின்வாங்கியிரா. எம்மை ஏமாற்றிய "நன்றாகப் பிடிக்கின்றதே" என்பது இதுவே.

பின்சில்லிலே தவறிருப்பதை அறிய ஓர் எளிய வழியும் உண்டு. கைப்பிறேக்கை நன்றாக இழுத்து வைத்துக்கொண்டு மிதியை அழுத்துக. கைப்பிறேக் பின்கட்டைகளை ஏற்கெனவே ட்றம்முக்கு அண்மையிற் கொண்டுவந்திருக்கும். அப்பொழுது மிதி உயரே நிற்குமாயின் பின்திருகுகள் சரியில்லை. உயராவிடின் முன்சில்லை நோக்குக.

இரண்டு திருகுகளையும் முதியவர் இறுக்கி, சில்லு உராய்வின்றிச் சுழலும் அளவுக்கு மாத்திரம் தளர்த்தினார். மிதி உயர்ந்தது. எமக்கு உண்டான மகிழ்ச்சி நெடுநேரம் நிலைக்கவில்லை. "காலை எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கோ, நான் தேத்தண்ணியைக் குடிச்சிட்டு வாறன்" என்று கூறி அவர் திண்ணையில் அமர்ந்தார். அவர் கோப்பையை முடிக்குமுன் எம் கால் மெல்ல மெல்லக் கீழே சென்றுகொண்டிருந்தது. முதல் நாள் இந்தக் குணம் இருக்கவில்லை.

அழுத்திப் பிடித்த மிதி தானாகத் தாழ்வது ஒழுக்கின் குணம். முதலில் நான்கு சில்லுகளின் உட்புறத்தையும் குழாய் மூட்டுகளையும் விரலாற் தடவிப் பார்த்தோம். எங்கும் ஈரமில்லை. தாங்கியிலும் திரவம் குறையவில்லை. வெளியே ஒழுகாமல் மிதி தாழ்கின்றது எனின், திரவம் மாஸ்ரர் சிலிண்டரின் உள்ளேயே றப்பர்க் கிண்ணத்தைக் கடந்து பின்னே செல்கின்றது என்பதே முடிபு.

இக்கேட்டை உண்டாக்கியவர் நாமே. பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. நெடுங்காலம் மாற்றாதிருந்தால் அவ்வீரம் சிலிண்டரின் உட்சுவரிற் துருவை உண்டாக்கும். அன்றாட ஓட்டத்திற் பிஸ்ரன் சென்று வரும் பகுதி வழவழப்பாகவே இருக்கும். அதற்கு அப்பால் உள்ள பகுதியிலே துரு வளையமாகப் படிந்திருக்கும். எயர் எடுப்பதாக நாம் ஐந்து முறையும் மிதியைத் தரைவரை மிதித்தபோது, கிண்ணம் தான் ஒருநாளும் செல்லாத அத்துருவின் மேலே ஏறி இறங்கியது. கழற்றிப் பார்க்கையில் அதன் விளிம்பு நகத்தாற் கீறியதுபோற் கிழிந்திருந்தது. இல்லாத காற்றை எடுக்கப்போய், இருந்த நல்ல உறுப்பைக் கெடுத்துக்கொண்டோம். பழைய வண்டியில் எயர் எடுப்போர் மிதியின் கீழே ஒரு மரத்துண்டை வைத்து, அது தரைவரை செல்லாதபடி தடுத்துக்கொள்ளல் நன்று.

மாஸ்ரர் சிலிண்டரைக் கழற்றிய கதையை விரித்தால் இம்மலர் போதாது. முன்சில்லைத் தாங்கும் முறுக்குத் தண்டு அதன் ஆணிகளுக்குக் குறுக்கே நிற்கின்றது. இவ்வண்டியை வரைந்த அலெக் இசிகோனிஸ் என்பார் பெரும் மேதை என்பதில் எமக்கு ஐயமில்லை. எனினும் அன்று மாலை அவரைப்பற்றி மருமகன் கூறியவற்றை இங்கு எழுதலாகாது. சிலிண்டரின் உட்சுவரிற் துரு குழியாகப் பதிந்திருந்தமையால், புதிய கிண்ணத்தை மாத்திரம் போட்டாற் பயனில்லை என்று முதியவர் கூற, சிலிண்டரையே மாற்றினோம்.

மாற்றியபின் மிதி மறுபடியும் தாழ்ந்தது. இம்முறை அது பஞ்சுபோற் துள்ளியது. வெறுமையாயிருந்த சிலிண்டரிலும் குழாயிலும் காற்றுப் புகுந்திருந்தமையால், இப்பொழுதுதான் எயர் எடுத்தல் உண்மையாகவே வேண்டியதாயிற்று.

அது செய்யும் முறை வருமாறு. தரைப் பலகையில் உள்ள மூடியை எடுத்தால் மாஸ்ரர் சிலிண்டரின் வாய் தெரியும். அதைத் திறக்குமுன் சுற்றிலும் உள்ள மண்ணைத் துடைத்தல் வேண்டும். காலடியில் இருப்பதனால், திறந்தவுடன் செம்மண் உள்ளே விழக் காத்திருக்கும். மாஸ்ரர் சிலிண்டருக்கு மிகத் தூரத்தில் உள்ள சில்லிலே தொடங்குதல் வழக்கம். வலப்பக்கம் செலுத்தும் மொறிஸ் மைனரில் அது இடப்பக்கப் பின்சில்லு. நிப்பிளிலே தெளிவான குழாயொன்றை மாட்டி, அதன் மறுமுனை போத்தலிற் சிறிதளவு விட்ட பிறேக் ஒயிலினுள் அமிழ்ந்திருக்கச் செய்க. துணைவர் மெதுவாக மிதியை அழுத்தி அப்படியே வைத்திருக்க, நாம் நிப்பிளைத் திறந்து, திரவம் ஓடி முடியுமுன் மூடிவிடல் வேண்டும். மூடியபின் "விடு" என்று சொன்ன பின்னரே காலை எடுத்தல் வேண்டும். இந்த ஒழுங்கு பிழைத்தால் வெளியே போன காற்று நிப்பிளின் புரி வழியாகத் திரும்பி உள்ளே வந்துவிடும். விரைந்து மிதித்தல் ஆகாது. பெரிய குமிழி உடைந்து நுண்குமிழிகளாகித் திரவத்திற் கலந்துவிடும். சில்லொன்று முடியுந்தோறும் தாங்கியை நிரப்புக. அது ஒருமுறை வெறுமையானால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதே. வெளிவந்த ஒயிலைத் திரும்பவும் தாங்கியில் விடுதல் கூடாது. அது வண்டியின் வர்ணத்தையும் தின்னும். சிந்திய இடத்தை உடனே நீரினாற் கழுவுக.

"ஒயில்" என்ற பெயரே ஒரு பெருங்கேட்டுக்கு வழிசெய்கின்றது. சாதாரணமாக விற்கப்படும் பிறேக் ஒயில் எண்ணெய் அன்று. கிளைக்கோல் வகை இரசாயனப் பொருள்களாலானது. பெயரை நம்பி இயந்திர எண்ணெயைத் தாங்கியில் விட்டால், உள்ளே உள்ள றப்பர் யாவும் ஊதிப் பருத்து உதவாது போகும். அவ்வாறு நேர்ந்தாற் கழுவி விடுதல் போதாது. றப்பர் உறுப்புகள் அனைத்தையும் மாற்றல் வேண்டும். புதிய ஒயிலின் கொதிநிலைக்கும் ஈரம் உறிஞ்சிய பின்னர் உள்ள கொதிநிலைக்கும் பெரும் வேறுபாடு உண்டு. டொட் 4 என்னும் வகைக்கு விதிக்கப்பட்ட மிகக் குறைந்த அளவு புதியதில் 230 பாகை, ஈரமேறியதில் 155 பாகை. பண்டாரவளைப் பக்கம் மலையிறங்கும் வண்டியில் பிறேக் சூடேறி, ஈரம் ஆவியாகிக் குழாயினுள் நின்றால், அவ்வாவியும் அடைபட்ட காற்றைப் போலவே நெருங்கும். முற்றத்திற் கல்லாயிருந்த மிதி மலையடியிற் பஞ்சாகும்.

காற்று முற்றாக நீங்கியபின்னும் மிதியிற் சிறிது துள்ளல் எஞ்சுமாயின், இன்னும் இரண்டு இடங்களை நோக்கலாம். ஒன்று, முன்னே இரண்டும் பின்னே ஒன்றுமாக உள்ள றப்பர்க் குழாய்கள். முதிர்ந்த குழாய் அமுக்கத்தில் பலூன்போல விரியும். ஒருவர் மிதிக்க மற்றவர் கையாற் பற்றிப் பார்த்தால் உணரலாம். மற்றொன்று, புதிய கட்டையின் வளைவும் தேய்ந்த ட்றம்மின் வளைவும் பொருந்தாமை. கட்டை முழுவதும் படியாமல் ஓரிடத்தில் மாத்திரம் தொட்டு வளைந்து கொடுக்கும். எம் வண்டியில் இது சிறிது இருந்தது. சில நூறு மைல் ஓடியபின் நீங்கிற்று. நீங்கியபின் ஆறு திருகுகளையும் மறுபடி ஒருமுறை சரிசெய்தோம்.

இக்காலத்து யப்பானிய வண்டி வைத்திருக்கும் இளைய அன்பர்களுக்கும் சில கூறல் தகும். முன்சில்லில் ட்றம்முக்குப் பதிலாகத் தட்டுப் பிறேக் இருப்பின், கலிப்பரைக் கழற்றியவர் வலப்பக்கத்ததை இடப்பக்கம் பூட்டிவிட்டாரோ என்று பார்க்க. அவ்வாறு பூட்டினால் நிப்பிள் கீழ்ப்புறம் வரும். காற்று மேலே நிற்க நாம் கீழே திறந்து எவ்வளவு எயர் எடுத்தும் பயனில்லை. சில்லின் பேறிங் ஆடுமானால், தட்டு அசைந்து கட்டைகளைப் பின்னே தள்ளிவிட, மிதி நேரத்துக்கு நேரம் தாழும். இயந்திரத்தின் வெற்றிட உதவியாற் பிறேக் பிடிக்கும் வண்டிகளில், இயந்திரம் முடுக்கியவுடன் காலின் கீழே மிதி சிறிது தாழ்வது பழுதன்று. அதுவே உதவி வேலை செய்வதன் அடையாளம். சில்லு பூட்டிக்கொள்ளாமற் காக்கும் இலத்திரனியல் அமைப்பினுள் காற்றுப் புகுந்துவிட்டால், சில வண்டிகளில் அதனைக் கணினிக் கருவி கொண்டே எடுக்க வேண்டியிருக்கும். அத்தகைய வண்டியில் தாங்கி வெறுமையாக விடாதிருத்தலே முற்றத்து வேலைக்காரர் செய்யக்கூடிய காவல்.

எம் வண்டியை இரண்டாம் முறை வெளியே எடுக்குமுன், முதியவர் சொன்னபடி செய்தோம். முழுப் பலத்தோடும் மிதியை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தோம், அது அசையவில்லை. நான்கு சில்லுகளின் உட்புறத்தையும் மறுபடி தடவினோம். பின் வளவினுள்ளேயே நடைவேகத்தில் ஓட்டி, முதலில் கைப்பிறேக்கையும் அடுத்துக் கால்பிறேக்கையும் பத்து முறை பிடித்துப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் முதல் மிதிப்பிலேயே நின்றது. அதன் பின்னரே படலையைத் திறந்தோம்.

இப்பொழுது அவ்வண்டியின் முன்சில்லைக் கழற்றுவோர் எவரும், ட்றம்மின் துவாரத்துக்கு அருகே வெள்ளைப் பூச்சினால் "2" என்று எழுதியிருப்பதைக் காண்பர். அதை எழுதியவன் மருமகன்.